‘போயிட்டு வரேன்’ சொல்லக்கூடாத வீடு

அன்பு அப்பா,

மட்டாஞ்சேரியில் எல்லாம் வழக்கம்போலத்தான். தம்பி கிரிக்குப் பதினாறு முடிந்துவிட்டது. மீசை அரும்பியிருக்கிறது, அதைத் தொடவிடமாட்டேன் என்கிறான்.

எங்கிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வரேன்" சொல்ல வேண்டும் என்று அவனைப் பழக்கினீர்களே, அதில் ஒரு விதிவிலக்கைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். உங்களை எடுத்துக்கொண்டு போன அன்று, வந்தவர்களெல்லாம் வழக்கப்படி வாய் திறக்காமல் கிளம்பினார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? கேட்டை மறித்துக்கொண்டு நின்றான். "சொல்லிட்டுப் போங்கோ!"

பெரியப்பாவுக்கு மானம் போய்விட்டது. "அவனை உள்ளே போட்டுப் பூட்டுடீ" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அழுகையே நின்றுவிட்டது. கிரியிடம் போய், "சாவு நடந்த ஆத்துல யாரும் சொல்லிக்கப்படாதுடா. மறுபடி இப்படி ஒரு துக்கத்துக்கு வரப்படாதுன்னு அர்த்தம்" என்றேன். யோசித்தான், கேட்டைத் திறந்துவிட்டான். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஏன் வேறு யாருக்கும் தோன்றவில்லை?

போன வாரம் தோப்பும்படியில் வினுவின் அப்பா இறந்துவிட்டார். கிரிக்கு இருக்கும் ஒரே சிநேகிதன் வினுதான். "அங்க போய் ஏதாவது சொல்லிட்டான்னா, இருக்கற ஒருத்தனும் போயிடுவானேடீ" என்று அம்மா பயந்தாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் அழைத்துக்கொண்டு போனேன். யார் அழுவார்கள், எங்கே உட்கார வேண்டும், எப்போது கிளம்பலாம் என்று பஸ்ஸிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வினுவின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். சொல்லாமலே எழுந்தும் வந்தான். தெருமுனைக்கு வந்ததும் போனை எடுத்து, வினுவுக்கு மலையாளத்தில் தட்டினான்: 'சொல்லாமல் வந்தது மரண வீடு என்பதால். கோபம் இல்லை. நாளைக்கும் வருவேன்.' இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்பா. உடனே பதில் வந்தது: 'வாடா.' நடுத்தெருவில் நின்று அழுதேன்.

திரும்பும்போது கேட்டான்: "அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறச்சே சொல்லலையே. அப்போ நம்மாத்துல சாவு நடக்கலையே?"

"அப்பாவால பேச முடியலைடா."

"சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த 'சரி' எனக்கு இன்னும் பழகவில்லை.

பெரியப்பா வீட்டில் கல்யாணம் வருகிறது. கிரியை அழைத்துக்கொண்டுதான் போவேன். அவனுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவைப்பேன், பெரியப்பாவுக்கும் சொல்லிவைப்பேன். அதற்கு மேலும் பூட்டத்தான் வேண்டும் என்றால், என்னையும் சேர்த்துப் பூட்டட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்தவள்,
கிரியின் அக்கா