வேலிக்கு வெளியே ஒரு கிண்ணம்

வேலிக்கு அந்தப் பக்கம் தனியாகப் படுத்திருக்கும் என் அப்பா,

முள்வேலியைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி சோற்றை வெளியே கொண்டுபோனால் யாரும் பிடிக்க மாட்டார்கள். அதனால்தான் அந்த நாளைப் பற்றி இப்போது எழுத முடிகிறது. நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்? ஆனாலும் சொல்கிறேன்.

விடியற்காலைப் பெரட்டில் வேலையாள்களைப் பேர் கூப்பிட்டுக்கொண்டு நின்ற மண்டோர் நீங்கள், ரப்பர் தோட்டத்துக் கங்காணி. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் சுட்டபோது உங்கள் வயிற்றில் வெறும் கோப்பிதான் இருந்தது. அம்மா அதைச் சொல்லித்தான் அழுதாள். பிறகு நம் லய வீடுகளைச் சுற்றி அரசாங்கத்தின் வேலி வந்தது. இடுகாடு வெளியே போய்விட்டது. காட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேருமென்று ஒரு பிடி சோறுகூட வாசலைத் தாண்டக் கூடாது.

உங்கள் வருஷ நாளில் அம்மா தூக்குச்சட்டியில் சோறு எடுத்துவந்தாள். வாசல் காவலர் யூசோப் அண்ணன் மூடியைத் திறந்து பார்த்தார். இறந்தவர்கள் சாப்பிடுவதில்லை, அவர்களுக்காக வேண்டிக்கொண்டால் போதும் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

"எங்காளு சாப்பிடுவாரு தம்பி. பசியோட போனவரு" என்றாள் அம்மா.

அவர் சட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். துப்பாக்கியோடு எங்களுக்குத் துணையாக வந்தார்.

லாலாங் புல் உங்களை மூடியிருந்தது. விலக்கினோம். தலைமாட்டில் ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு, அதன்மேல் ஒரு முட்டை. பக்கத்தில் குத்தியிருந்த சிவப்பு ஊதுபத்திகளிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.

ரப்பர் மரங்களுக்குள் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. யூசோப் அண்ணன் துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்பினார்.

"தொடாதடி, செய்வினை" என்று அம்மா என்னை இழுத்தாள். சமாதியில் சோறும் முட்டையும் கண்டால் நம் ஆள்களுக்கு வேறென்ன தோன்றும்? உறவில்லாத ஆவிகளுக்குச் சீனர்கள் இந்த மாதத்தில் சோறு வைப்பார்கள் என்று, பள்ளித்தோழி சொன்னதை நான் சொன்னேன். புல் மண்டியதைப் பார்த்து, உங்களுக்கு யாருமில்லை என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் அப்போது சீனர்களும் வேலிக்குள்தான் இருந்தார்கள். காட்டுக்காரர்களைத் தவிர வெளியே சோறு பொங்குகிறவர் யார்? அம்மாவும் அதையேதான் யோசித்தாள். முகம் இறுகிப்போனது.

பிறகு உட்கார்ந்து, கொண்டுவந்த தண்ணீரைச் சோற்றைச் சுற்றி விட்டாள்.

"யாரு கை பொங்குனா என்னா. சாப்பிடுங்க."

யூசோப் அண்ணன் இதை மேலே சொல்லியிருக்க வேண்டும். அவருடைய அண்ணனையும் காட்டுக்காரர்கள்தான் கொன்றார்கள். ஆனால் சொன்னால் அம்மாதான் சோற்றை வைத்தாளென்று பிடித்துப் போவார்கள். சோற்றை விட்டுப் போக முடியாது என்றார். காலால் தள்ளவில்லை, கையாலேயே உங்கள் மண்ணில் புதைத்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. அம்மா கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். வாசலில் அதிகாரி கேட்டபோது, "புல்தான் இருக்கு, துவான்" என்றார் யூசோப் அண்ணன்.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நியாயம், எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது என்று பிறகொரு நாள் வாத்தியார் வகுப்பில் சொன்னார். நான் கையைத் தூக்கிவிட்டு இறக்கிவிட்டேன். நீங்கள் சாப்பிடுவீர்கள் என்று நம்பியவளும், சாப்பிட மாட்டீர்கள் என்று நம்பியவரும், யாரென்றே தெரியாதவரும் உங்களைக் கவனிக்காமல் விடவில்லையே, அப்பா. ஆனால் அந்தத் தெரியாத கைதான் உங்களைச் சுட்டிருந்தால்? அப்போதும் அது நியாயத்தில் சேருமா?

நேற்றுத் தனியாக வந்தேன். உங்களைச் சுற்றிப் புல் அறுத்திருக்கிறது. அறுத்தது அம்மா இல்லை, கேட்டுவிட்டேன். கவிழ்த்து வைத்த கிண்ணம் நிமிர்ந்திருக்கிறது, காலியாக. இரவெல்லாம் மழை, ஆனால் உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை.

அது உங்கள் பசி இல்லை, அந்தக் கிண்ணத்தை வைத்தவரின் பசி. எனக்குத் தெரிகிறது.

வேலி விழுந்ததும் சோறு கொண்டுவருவேன். உங்களுக்கு இலையில் வைப்பேன். கிண்ணத்தையும் நிரப்புவேன். நீங்கள் கோபித்தாலும் நிரப்புவேன், அப்பா.

உங்கள் மூத்த மகள்,
கனகம்