மழுங்கிய ஸ்க்ரூவும் பிரிக்காத டப்பாவும்

அன்புள்ள அப்பாவுக்கு வினோத்ராஜின் தோத்திரம். ஷார்ஜாவில் நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

நேற்றுப் போனில் "காரை எடுக்காதீக" என்று மட்டும் கத்தினேன். காரணம் சொல்ல நா எழவில்லை.

நேற்று ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கார் வந்தது. பின்சக்கர பிரேக் டிரம்மைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை மழுங்கி, மேலே எம்சீல் பசை பூசியிருந்தது. துளை போட்டுக் கழற்றினேன். உள்ளே பிரேக் ஷூ முழுக்கத் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசியிருந்தது. எங்கள் ஃபோர்மேன், கம்பத்துச் சுருளிராஜன் அண்ணன், எட்டிப் பார்த்தார்.

"ஏலே, இதப் பூசி மறைச்சவன் தன் வீட்டு ஆளுகள இதுல ஏத்துவானாடா?"

அப்பா, நான் ஏற்றியிருக்கிறேன். புறப்படுவதற்கு முந்தின நாள் நம் காரில் பிரேக் ஷூ மாற்றக் கழற்றும்போது நானும் அந்த ஸ்க்ரூவை மழுங்கடித்துவிட்டேன். சொல்ல வெட்கம். எம்சீல் பூசிவிட்டு, "புது ஷூ மாட்டிட்டேன்ப்பா" என்றேன். எட்டு மாதமாக நீங்களும் அம்மாவும் ஏலக்காய் மூட்டையோடு அதில்தான் போடிமெட்டு மலையிலிருந்து இறங்குகிறீர்கள்.

புது ஷூ, மாடியில் ஏணிக்குப் பின்னால், டப்பா பிரிக்காமல் இருக்கிறது. மெக்கானிக் முத்துக்குமரனை மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய ஸ்க்ரூவை எறிய வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜேசுராஜ் திரும்பும்போது பருப்புப்பொடியோடு கொடுத்தனுப்புங்கள். என் டூல்பாக்ஸில் கிடக்கட்டும்.

அவனுக்கு விமான நேரமாகிவிட்டது. படித்ததும் போன் போட்டு வாய்நிறையத் திட்டுங்கள், அப்பா. உங்கள் குரல் கேட்க வேண்டும்.

வினோத்