காத்திருக்கத் தெரியாத தோல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் முறைப்பாய். உன் இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருப்பதால் நர்ஸ்தான் இதை வாசித்துக்காட்டுவார். அதனால் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வந்திருக்கிறது. அதில் இருப்பது உன் தோல். உன் தொடையிலிருந்து இரண்டாம் முறை எடுத்தனுப்பிய சின்னத் துண்டிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் வளர்த்தது. வெங்காயத்தின் உள்தோல் போல மெல்லிசாக இருக்கும். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கிண்டல் செய்யாதே.

போன முறை ஆபரேஷனை, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டாய். இங்கே தட்டில் இருக்கும் செல்களுக்கு அடுத்த வாரமெல்லாம் தெரியாது. நாங்கள் ஊற்றும் சத்துநீரில் ஒரு புரதம் இருக்கிறது. அது செல்லைத் தொட்டு, பெருகு என்று சொல்லும். பெருகி ஒன்றையொன்று நெருக்க ஆரம்பித்ததும் வேறு புரதங்கள் பேசும்: பெருகியது போதும், முதிர்ந்து கெட்டியாகு. முதிர்ந்த செல் மேலே ஏறி, தட்டையாகி, செத்துக் காவலாகக் கிடக்கும், திரும்பப் பெருகாது. எல்லாமே முதிர்ந்துவிட்டால் உன் உடம்பில் பிடித்து வளர ஒன்றும் மிஞ்சாது. உன் முதல் தோலை அப்படித்தான் குப்பையில் போட வேண்டியதாயிற்று. நானேதான் போட்டேன், வேறு யாரையும் தொடவிடவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. உனக்கு மெத்தென்று சட்டை தைக்கிறேன் என்று தையல் மிஷினும் கையுமாக இருக்கிறாள்.

நீ ஏன் தள்ளிப்போட்டாய் என்று எனக்குத் தெரியும். வலிக்குப் பயந்தவன் இல்லை நீ. பாய்லர் வெடித்தபோது உன்னைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்ட, உன்னோடு வேலை பார்த்த நெட்டையன் உள்ளேயே மாட்டிக்கொண்டான். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், நான் மட்டும் புதுத் தோல் போட்டுக்கொள்வதா என்று நினைக்கிறாய்.

அவன் மனைவி போன வாரம் ஆய்வகத்துக்கே வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று உன் தட்டுகளைக் காட்டினேன். எப்படி வளர்ப்பீர்கள் என்று கேட்டாள். முதலில் அடியில் துணைச் செல்களைப் பரப்புவோம், அவை இனிப் பெருக முடியாதவை, ஆனால் உயிர் இருக்கும்வரை பக்கத்துச் செல்லை வளர் வளர் என்று தூண்டிக்கொண்டே இருந்துவிட்டுப் போய்விடும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கண்ணாடியை ஒட்டி நின்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். கடைசியில், "அவரு தள்ளிவிட்டது வீணாப் போகக் கூடாதுக்கா. உங்க தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

நானே வந்திருப்பேன். மீதித் தட்டுகளை விட்டு நகர முடியவில்லை. இந்த முறை செல்கள் பெருகும் பருவத்திலேயே எடுத்துவிட்டோம். நாளைக் காலைக்குள் உன் உடம்பில் சேர வேண்டும், அதற்கு மேல் தாங்காது. மறுபடி வெட்டியெடுக்க உன்னிடம் நல்ல தோலும் அதிகமில்லை.

டாக்டர் வந்து சம்மதமா என்று கேட்பார். கையெழுத்து வேண்டாம், தலையை ஆட்டினால் போதுமாம். சின்ன வயதிலிருந்தே நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய். இந்த ஒரு முறை ஆட்டியபடி செய், கண்ணா. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடாதே. இன்னொரு முறை உன்னைக் குப்பையில் போட என்னால் முடியாது.

நீ இருந்தால் போதும் என்று வேண்டும்,
உன் அக்கா