நிறுத்தி வைத்த ஆறாவது ஆட்டம்

மார்ச் 4
அவர் போய் ஐந்து நாள். சலவைக்கூட வேலைக்கு இன்று போனேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. யாரும் துக்கம் கேட்கவில்லை. நல்லது.

மார்ச் 5
செஸ் போட்டி நடுவர் வீட்டுக்கு வந்தார். உட்காரவே தயங்கினார்.

"பதினோரு ஆட்டத்துல சார் முடிச்சது அஞ்சும்மா. பாதிகூட இல்ல. விதிப்படி அஞ்சையும் அழிச்சிடணும்."

அழிப்பதா? முதலிடத்தில் இருக்கிற ஆளையே தோற்கடித்தாரே!

"ஆறாவது?"

"பாதியில நிக்குதேம்மா. எதிராளியே தோல்வியை ஒத்துக்கிட்டாதான் கணக்கு."

அன்று நேரமாகிவிட்டதென்று அந்த ஆட்டத்தை நிறுத்தினார்கள். இவர் தன் அடுத்த நகர்வை எழுதி, உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறியவர்தான். நெஞ்சுவலி. வீடு வந்து சேரவில்லை.

மார்ச் 6
எத்தனை தடவை விளக்கியிருப்பார்! இதில் முதல் இரண்டு பேர் அடுத்த படிக்கு. அங்கே பல நாட்டு ஆட்கள். அதிலும் தேறியவர்கள் தங்களுக்குள் மோதி, ஒரே ஒருவர்தான் உலக சாம்பியன் எதிரே உட்காரலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை.

"சாம்பியனுக்கு நாற்காலி துடைக்கவா போறீங்க?" என்பேன்.

"அதுக்கும் தகுதிச்சுற்று வெப்பாங்கடி" என்பார்.

ஐந்து முறை கீழ்ப்படியிலேயே கழிந்தார். இந்த முறைதான் இதுவரை வந்தார். அதையும் அழிப்பார்களாம்.

மார்ச் 7
நான் போயிருக்கக் கூடாதோ?

ஆறாவது ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "தம்பி, தோத்துட்டேன்னு எழுதித் தருவீங்களா?" வெட்கமில்லாமல் கேட்டுவிட்டேன்.

துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணி, நான் ரெண்டாவது இடத்துல இருக்கேன். அரைப் புள்ளி போனாலும் போச்சு."

சரி தம்பி என்று வந்துவிட்டேன்.

மார்ச் 9
நடுவர் போன் பண்ணினார். உறையைப் பிரித்து நகர்வைப் பலகையில் வைத்தார்களாம். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தாராம். தோற்றேன் என்று தன் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்தாராம்.

"பலகையில கடைக்காரருக்குத்தாம்மா நல்ல நிலைமை. ஏன்னே புரியல."

ஆறு ஆட்டம். அழிக்க மாட்டார்கள்.

அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 11
வேலை. கால் வீக்கம்.

மார்ச் 17
போட்டி முடிந்தது. கடைக்காரர் மூன்றாவது. அரைப் புள்ளியில் இரண்டாம் இடம் போய்விட்டது.

கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது.

"கையில இருந்த ஆட்டத்தை விட்டுட்டு வந்திருக்கார்க்கா. கேட்டா வாயே திறக்கல. உங்களுக்காச்சும் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான்மா போய்க் கேட்டேன்."

அவள் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.