வியூஃபைண்டரில் ஒரு கறை

12 பிப்ரவரி 2002, செவ்வாய்

எண்ணூர் முகத்துவாரத்தில் என் கண்ணெதிரே மிதந்த எண்ணெய் படத்தில் இல்லை. கசிவே இல்லை என்று ஆலைக்காரர்கள் சொல்லும்போது, படமில்லாமல் செய்தி போடமாட்டேன் என்கிறார் ஆசிரியர்.

எங்கள் புகைப்படக்காரர் தாஸின் பெரிய ஃபிலிம் கேமரா பழையது. வியூஃபைண்டருக்குள் இருக்கும் பிரிசம் என்ற பட்டகக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு உரிந்துவிட்டதால், கண்ணை வைத்தால் கீழ் ஓரம் கறுப்பாகத் தெரியும். ஃபிலிமில் அது விழாது. அதனால் அந்த ஓரத்தை அவர் பொருட்படுத்துவதே இல்லை. இன்று எண்ணெயும் சரியாக அங்கேதான் தெரிந்திருக்கிறது. வழக்கமான கறை என்று எண்ணி, படகுகளும் வானமும் வர கேமராவைச் சற்று உயர்த்திவிட்டார்.

மாலையில் படம் கழுவிய இராயபுரம் ஸ்டூடியோவுக்குப் படகுக்காரர் ஏழுமலையும் வந்திருந்தார். பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தாஸு, மேகத்தப் புட்சிகினு வந்துகீற? என் வலைல ஒட்டிகினு கீறது மேகமா?"

தாஸ் பிரிசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது இல்லாமலும் மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்த்து எடுக்கலாம். இடம் வலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

"காலைல படகு எடுப்பியா மாமு?"

"வலையே போச்சு. வேற இன்னா வேல எனக்கு?"

விடியுமுன் கிளம்புகிறோம். அலை எண்ணெயை இழுத்துப் போயிருந்தாலும் கரைச்சேற்றில் மிச்சம் இருக்கும். வலையைக் கழுவாமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதல் படம் அதுதான்.