கூரைக்குப் போகாத குழாய்

சண்டை போடவும் எனக்கு மிச்சமில்லாமல் போன என் அன்பு அத்தானுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். அக்கா தினமும் பூ வைக்கிற உங்கள் போட்டோவின் முன்னால் நின்று நேற்று வாய் வலிக்கத் திட்டிவிட்டு வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், நாலு பேர் படிக்கட்டும்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. சுரண்டை ரோட்டில் ஆலைக்கு எதிரே நீங்கள் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, காற்றை அளக்கிற அந்தச் சின்ன அறை, அங்கே போன வாரம் போனேன். நம் கம்பெனிக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் வந்து மெஷினைப் பார்க்கிற வழக்கமான சோதனைதான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தொண்டை கமறியது. ஆலைப் புகை தாழ்ந்து வந்து ரோட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. உள்ளே போனால் உங்கள் மெஷின் கந்தக வாயு இரண்டு என்று காட்டுகிறது. இரண்டு! குற்றாலத்து அருவிக்கரையில் வைத்தாலும் அவ்வளவுதான் காட்டும்.

சுத்தக் காற்றை உள்ளே விட்டேன், பூஜ்யம் காட்டியது. சிலிண்டரில் இருந்து அளவு தெரிந்த கந்தக வாயுவை விட்டேன், சிலிண்டரில் எழுதியிருந்த அளவை அப்படியே சொன்னது. மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்படியானால் என் மூக்குதான் பொய் சொல்கிறதா?

கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். தீக்குச்சி உரசினால் கந்தகம் வரும், உங்களுக்குத் தெரியாததா? மேலே ஏறி, காற்றை உறிஞ்சுகிற குழாயின் வாய்க்குப் பக்கத்தில் பாதிப் பெட்டியை எரித்தேன். இறங்கி வந்து பார்த்தால் திரையில் கோடு அசையாமல் கிடக்கிறது. எரிச்சலில் அறைக்குள்ளேயே ஒரு குச்சியை உரசினேன். கோடு விர்ரென்று மேலே ஏறியது.

மெஷின் இருக்கிற ஸ்டாண்டை இழுத்துப் பின்னால் பார்த்தேன். கூரையிலிருந்து வருகிற குழாயின் நுனி பாலித்தீன் கவரால் மூடி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. மெஷினின் குழாய் தனியாகத் தொங்கி, ஏசி அறையின் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கவரில் மார்க்கர் பேனாவால் உங்கள் கோணல் எழுத்து: 'சீசன் முடிஞ்சதும் மாட்டணும்'.

எந்த சீசன், அத்தான்? அதை எழுதவில்லையே.

சீசனில் சாரல் தண்ணீர் குழாய்க்குள் இறங்கினால் மெஷின் நின்றுவிடும், நீங்கள் கூரையேறித் துடைக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டுக் கழற்றியிருக்கிறீர்கள். பிறகு மறந்தே போனீர்கள். காசு வாங்கிக்கொண்டு செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஆலைப் புகை தாங்கவில்லை என்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தபோதெல்லாம் உங்கள் இரண்டைக் காட்டித்தானே திருப்பி அனுப்பினார்கள்? நீங்களும் பெருமையாகச் சொல்வீர்கள்: "ஏட்டி, நம்ம ஊரு சாரக்காத்துல என்ன புகை நிக்கும்? எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிரும்லா."

உங்கள் மகள் சுப்பு அந்த அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வீட்டில்தான் படுத்து மூச்சு இளைத்துக்கொண்டிருந்தாள். தென்காசி ஆஸ்பத்திரியில் அவள் மூக்கில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைத்தபோது, "காத்துல ஒண்ணுமில்ல, பூனை முடிதான்" என்றீர்கள். அவள் அழ அழ அந்தப் பூனையைச் சாக்கில் போட்டு, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தீர்கள். அது என்ன பாவம் செய்தது? பூனை போன பிறகும் இளைப்பு நிற்கவில்லையே, அப்போதாவது ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்த்திருக்கக் கூடாதா?

குழாயை மாட்டினேன். எண் ஏறிக்கொண்டே போனது. நம் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டேன். "சின்ன லீக், சரி பண்ணியாச்சுன்னு மட்டும் எழுதும்மா. ஒங்க அத்தான் பாத்த வேலையை ஒங்க அக்காவுக்குக் கொடுக்கப் போறோம்லா, அதைக் கெடுத்துக்கிடாத" என்றார். அக்காவுக்கு வேறு வருமானம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நேராக அக்காவிடம் போய்ச் சொன்னேன். பாய்ந்துவிட்டாள். "என்னட்டி பேசுத? செத்த மனுசன் தலையில பழியத் தூக்கிப் போடுதியே, ஒனக்கு நாக்கு கூசல?"

உள்ளே சுப்பு இருமினாள். நிற்காமல் இருமினாள். அக்கா எழுந்து போய் முதுகைத் தடவிவிட்டு வந்தாள். உங்கள் போட்டோவுக்கு முன்னால் நின்றாள்.

"வேல போனா போவுது. எழுது. ஆனா ஒண்ணு கேக்கேன். நீ வருசத்துக்கு ரெண்டு தடவை வந்து என்னத்தப் பாத்த?"

உள்ளதை ஒப்புக்கொண்டேன். சிலிண்டர் வாயுவை மெஷினின் முதுகில் நேராகச் செருகித்தான் சோதிப்போம்; கூரைக் குழாய் அதில் வராது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஒரு விரலால் அதன் வாயை அடைத்தாலே, உறிஞ்சுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். "அதெல்லாம் நான் பாத்துட்டேன், நீ டீயக் குடிட்டி" என்பீர்கள். அத்தான்தானே என்று நானும் நம்பினேன். எத்தனை தடவை!

"அப்போ ஒம் பேரையும் சேத்து எழுது" என்றாள் அக்கா.

எழுதிவிட்டேன், அத்தான். உங்கள் பெயர் முதலில், என் பெயர் அதற்குக் கீழே. அந்தப் பாலித்தீன் கவரையும் ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் அனுப்புகிறேன். எனக்கு வேலை இருந்தாலும் போனாலும், இனி ஒவ்வொரு சாரலுக்கும் நானே கூரையேறுவேன். சத்தியம்.

நீங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பார்க்காமலே கையெழுத்துப் போட்ட
உங்கள் கொழுந்தியாள்.