மஞ்சள் ஓரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் மனைவியின் நெற்றியில் வீக்கம். கேட்டால், "கொசு கடிச்சிருக்கும்" என்கிறாள். இந்த அளவுக்கு வீங்க வைக்கிற கொசு இருந்தால் அதைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். மேல் அலமாரியின் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள், திரும்பும்போது அதன் ஓரத்தில் முட்டியிருக்கிறாள். போன வாரமும் இதே கதைதான்.

தையல் கடை நடத்தியபோது நான் தைப்பேன், இவள் முடித்த துணியைப் பார்த்து அனுப்புவாள். ஒரு பிசிறு இருந்தாலும் துணி என் மேஜைக்கே திரும்பிவிடும். கடையில் எல்லாரும் இவளை 'செக்கிங்' என்றுதான் சொல்வார்கள். கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கிற இப்போதும் எனக்கு இவள் செக்கிங்தான். அந்தக் கண்ணுக்கா இப்படி?

மார்ச் 6, வியாழன்

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "இருக்கற பார்வை இப்படியே இருக்கும். ஆனா ஒரே நிறத்துல இருக்கறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துதான் தெரியும். அலமாரி, படி இதுக்கெல்லாம் ஓரம் தெரியற மாதிரி ஏதாவது ஒட்டி வைங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: "பொண்ணுகிட்ட மூச்சு விடாதீங்க."

நான் விடவில்லை. மாலை மகள் வீடியோவில் பேசினாள், நெற்றி வீக்கம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "மாசக் கடைசியில வரேன்பா. ஒரு பெரிய பெட்டியைக் காலியா எடுத்துட்டு வரேன். அம்மா துணியெல்லாம் வச்சுக்கலாம். ரெண்டு பேரும் எங்ககூட வந்து இருங்க. அம்மா இனிமே அடுப்புகிட்ட நிக்க வேணாம்." அன்பாகத்தான் சொல்கிறாள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போனை வைத்ததும் செக்கிங் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். "அங்க போய் நான் என்ன பண்ணுவேன்? யாராவது டீ குடுப்பாங்களான்னு உக்காந்திருக்கணுமா?"

இல்லை. இவளை இந்தச் சமையலறையிலிருந்து யாரும் கூட்டிப்போக விடமாட்டேன். மகளாகவே இருந்தாலும் சரி.

மார்ச் 8, சனி

அலமாரி ஓரத்துக்கு ஒட்டும் வினைல் தாள் வாங்கிவிட்டேன். சின்ன டிராயர் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ரோல் ரோலாக எடுத்துப் போட்டார். நான் வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் அச்சு அசலாக அதே மர நிறத்தில் ஒன்றைப் பிடித்தேன். "என்ன கண்ணு சார் உங்களுக்கு" என்றார் கடைக்காரர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கதவு ஓரம், அலமாரித் தட்டு ஓரம் எல்லாம் முடிந்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஒரு விரல் அகலம் மடித்து ஒட்டினேன். ஒட்டியிருப்பதே தெரியவில்லை. என் முதுகை நானே தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 10, திங்கள்

முட்டிக்கொண்டாள். அதே கதவு.

மார்ச் 11, செவ்வாய்

ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன். ஓரம் தெரியணும்னு டாக்டர் சொன்னார். நான் ஓரமே தெரியாம ஒட்டியிருக்கேன். துணிக்கு ஏத்த நூல் தேடித் தேடிப் பழகின கை, மரத்தைக் காட்டினாலும் மேட்சிங்கைத்தான் தேடுது. மூளை எங்கே போயிருந்தது?

அவளிடம் சொன்னேன். நெற்றியில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு சிரித்தாள். "டாக்டர்கிட்ட உங்களையும் சேர்த்துக் காட்டியிருக்கணும்" என்றாள்.

பளிச்சென்று மஞ்சள் வாங்கி வருகிறேன் என்றேன். சிரிப்பு நின்றது.

"மஞ்சளா? இவளுக்குக் கண்ணு தெரியலைன்னு வீட்டுக்குள்ள போர்டு மாட்டப் போறீங்களா? பொண்ணு உள்ள வந்ததும் நேரா பெட்டியைத்தான் திறப்பா."

"முட்டிக்கிட்டே இருந்தா மட்டும் திறக்கமாட்டாளா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பேச்சில்லை. டீ வந்தது. டம்ளர் மட்டும் ணங்கென்று பேசியது.

மார்ச் 14, வெள்ளி

காலையில் பாலை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றியிருக்கிறாள். வெள்ளை மேடை, வெள்ளை டம்ளர், வெள்ளைப் பால். வழிந்து காலில் விழுந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. நல்லவேளை, சூடில்லை. நான் துணியோடு ஓடிப்போனேன். மஞ்சள் பேச்சை எடுக்காமல் தரையைத் துடைத்தேன். அவளாகவே, "கடைக்குப் போகலாம் வாங்க" என்றாள்.

அதே டிராயர், அதே கடைக்காரர். ஒவ்வொரு நிறமாக டிராயரின் ஓரத்தில் வைத்துக் காட்டினார். பச்சை. "தெரியல." ஊதா. "தெரியல." சிவப்புக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினாள். மஞ்சளை வைத்ததும் கையை நீட்டி, தடவித் தேடாமல், நேராக ஓரத்திலேயே விரலை வைத்தாள்.

"இதோ இருக்கு" என்றாள்.

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் எத்தனை மீட்டர் என்று கேட்டார். அவளே சொன்னாள்.

மார்ச் 16, ஞாயிறு

பழையதை உரித்துவிட்டு மஞ்சள் ஒட்டினேன். சுருக்கம் வரக் கூடாது என்று விறைப்பாக இழுத்து இழுத்து ஒட்டினேன்.

மார்ச் 17, திங்கள்

மூலைகள் அத்தனையும் எழுந்து நிற்கின்றன. வணக்கம் சொல்வது போலிருக்கிறது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "இழுத்தீங்களா? அதான். இழுத்தா அது திரும்பப் பழைய இடத்துக்கே போகும் சார். சும்மா வச்சு, நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தடவுங்க. மடிச்சதும் லேசா சூடு காட்டி அழுத்திப் பிடிங்க" என்றார்.

துணியை இழுத்துப் பிடித்தே பிழைத்தவனிடம் இழுக்காதே என்றால் என்ன செய்வது?

மார்ச் 20, வியாழன்

மகள் விட்டுப்போன ஹேர் டிரையர் அகப்பட்டது. நான் சூடு காட்ட, செக்கிங் ஸ்டூலில் உட்கார்ந்து விரல் நுனியால் ஓரம் நெடுக நடந்து வந்தாள். எனக்கு வழவழவென்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, "இங்க ஒரு கொப்புளம்" என்பாள். குனிந்து பார்த்தால் கடுகளவு இருக்கும். பிரித்து மறுபடி ஒட்டினால், "ம்" என்பாள். அந்த 'ம்' கிடைக்கத்தான் கடையிலும் நான் அவ்வளவு பாடுபட்டேன்.

மூலைக்கு மட்டும் என் வித்தை பலித்தது. சட்டையின் கழுத்து வளைவுக்கு வெட்டுக் கொடுப்பது போல வினைலில் சாய்வாக ஒரு வெட்டு. ஒரு பக்கத்தை மடித்து, அதன் மேல் மறுபக்கம். "இது நல்லாருக்கு" என்றாள். முழு வாக்கியம்.

"பொண்ணு கேட்டா ஃபேஷன்னு சொல்லிடலாம், என்ன?" என்றாள் பிறகு. சரி என்றேன்.

ஜன்னல் பக்கத்து மூலை அலமாரிக்கு மட்டும் ஒட்டவில்லை. அதில் என் கத்தரிக்கோல், பிளேடு, ஆணி. அதை அவள் திறப்பதே இல்லை.

மார்ச் 29, சனி

மகள் வந்துவிட்டாள். வாசலிலேயே பெட்டி தெரிந்தது. ஓர் ஆளையே உள்ளே வைக்கலாம்.

சமையலறைக்குள் வந்து நின்றாள். மஞ்சள் ஓரங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். செக்கிங் கதவைத் திறந்தாள், டப்பாவை எடுத்தாள், கதவை மூடினாள். டீயை நீல டம்ளர்களில் ஊற்றினாள் (அவையும் மஞ்சள் வாங்கிய அன்றைக்கே வாங்கியவை). ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

பிஸ்கட் பாக்கெட்டை வெட்ட மகள் கத்தரிக்கோல் தேடினாள். மூலை அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு, கதவை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். மடார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செக்கிங் ஐஸ் எடுத்து வந்து மகளின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். "அதுக்கு மட்டும் மஞ்சள் ஒட்டலடி" என்றாள். "நல்லாக் கண்ணு தெரியறவங்கதானே அதைத் திறப்பாங்கன்னு விட்டுட்டோம்."

மகள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "எவ்வளவு நாளாம்மா தெரியல?"

செக்கிங் எல்லாவற்றையும் சொன்னாள். பாலைக்கூடச் சொன்னாள். ஃபேஷன் என்று பொய் சொல்ல நான் தயாராக நின்றது வீண். மகள் அம்மாவின் மடியில் தலையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள், ஐஸ் கரைந்து இருவர் துணியும் நனைகிறவரை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மகள் ஊருக்குக் கிளம்பினாள். பெட்டி வந்தது போலவே காலியாகப் போகிறது. சக்கரங்கள் தெரு நெடுக அப்படிச் சத்தம் போட்டன. திருப்பத்தில் நின்று ஒரு கையை ஆட்டினாள், இன்னொரு கை நெற்றி வீக்கத்தில் இருந்தது. "யாராவது கேட்டா கொசுன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்" என்றாள் செக்கிங்.

ஏப்ரல் 5, சனி

மிச்சமிருந்த ரோலை வாசல் படிகளுக்கு ஒட்டினோம். ஒட்டியது நான். கடைசிப் படியில் விரலை வைத்தாள், பிரிக்கச் சொன்னாள். பிரித்தேன்.